ஹன்னா திரும்பிப் போகாத இடம்

போன மாதம் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மரக்கறி வாங்கப் போன கடையில், கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் கச்சேரி மண்டபத்திலை வேலை செய்யேக்க ஒரு பெரிய பியானோக்காரியை மேடைக்கு விடாமல் கதவைப் பூட்டிப்போட்டு நிண்டனீங்களாமே? மெய்யே?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரிலும் சரி, இங்கேயும் சரி, நாலு பேர் பார்க்கக் கதைக்கத் தெரியாதவன் நான். தலையை ஒரு பக்கம் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாங்கப் போன கறிவேப்பிலையையும் வாங்கவில்லை.

இந்தக் கதையை வெளியே விட்டது யார் என்று எனக்குத் தெரியும். லண்டனுக்கு வந்த நாளில் எனக்குத் தன் அறையில் படுக்க இடம் தந்த தேவன் அண்ணை. வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் எடுத்தேன்.

"பூட்டினவன் எண்டு நான் சொல்லேல்லையடா. திறக்கேல்லை எண்டுதான் சொன்னனான். பூட்டுப் போட்டது கடைக்காரன். நீ வாயைத் திறக்காட்டில் சனம் தங்கட பாட்டுக்குக் கதை கட்டும். இருந்து எழுது."

"நான் அஞ்சாம் வகுப்பு அண்ணை."

"எழுத்தெல்லாம் அஞ்சாம் வகுப்புக்குள்ள முடிஞ்சிடும். பிறகு படிக்கிறது வேற சாமான். எழுது."

ஆகவே எழுதுகிறேன். முதுகு பழுதாகி அறுபது வயதுக்கு முன்பே வேலையை விட்ட எனக்கு இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் வலது கை விறைக்கிறது. அதுதான் கதவுக் கைபிடியில் இருந்த கை.

பெட்ரோல் நிலையம், ஹோட்டலில் பாத்திரம் கழுவுதல் என்று சில வருடங்கள் போன பிறகு, நகரத்தின் நடுவில் இருந்த ஒரு சிறிய இசை மண்டபத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. பெரிய வாத்தியக் கூட்டங்கள் அங்கே வருவதில்லை. மூன்று பேர், நாலு பேர் வட்டமாக இருந்து வாசிக்கும் அறையிசைதான் நடக்கும். ஒருநாள் மேடைக் கதவுக்கு நிற்கும் ஆள் வரவில்லை. மேடைப் பொறுப்பாளர் பெம்ப்லி, தும்புத்தடியோடு நின்ற என்னைப் பார்த்து, "உன் சப்பாத்துச் சத்தம் போடாது. இங்கே வா," என்றார். அப்படித்தான் நான் மேடைக்கு மாறினேன். அவ்வளவுதான் எனக்கு நடந்த பயிற்சி.

வேலை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. வாசிப்பவர்கள் இருக்கும் கதிரைகளை நிலத்தில் ஒட்டிய நாடாக் குறிகளில் வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் கதிரை உயரம் வேறு. செலோ என்பது முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின். அதன் அடியில் ஓர் இரும்பு முள் இருக்கும். அது வழுக்காமல் இருக்க ஒரு பலகை போட வேண்டும். பியானோவின் மூடியைத் தாங்கும் குச்சி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது என்பார் பெம்ப்லி.

எல்லாவற்றிலும் பெரியது கதவு. மேடைக்குப் போகும் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. வாசிப்பவர்கள் கதவுக்குப் பின்னால் வந்து நின்றதும் பெம்ப்லி இரண்டு விரல்களை உயர்த்துவார். நான் திறப்பேன். கதவு அசைந்த உடனே மண்டபம் அடங்கும், பிறகு கைதட்டும். வாசித்து முடித்து அவர்கள் உள்ளே வந்ததும் நான் கைதட்டலைக் காது கொடுத்துக் கேட்பேன். அது இறங்கத் தொடங்குமுன் மறுபடி திறந்து அவர்களை அனுப்ப வேண்டும். பிந்தினால் வெறும் மௌனத்துக்குள் போய்க் குனிந்து நிற்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பெம்ப்லி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டும். கோடை வெயிலிலும் கறுத்தக் கோட்டைக் கழற்ற மாட்டார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. முதல் மணி அடித்த பிறகு கடைசி வணக்கம் முடியும்வரை வெளியே இருந்து வரும் எந்தச் செய்தியும் வாசிப்பவர்களுக்குப் போகக்கூடாது. போனை அவர்தான் எடுப்பார்.

அது கல் நெஞ்சுச் சட்டம் அல்ல. நான் வருவதற்கு முன்பு ஒரு வயலின்காரரிடம், பிள்ளை விழுந்துவிட்டது என்று யாரோ கதவடியில் சொல்லிவிட்டார்களாம். அவர் போய் வாசிக்கத் தொடங்கி, நடுவில் வயலினை நிலத்தில் வைத்துவிட்டு, சனத்துக்கு நடுவால் தெருவுக்கு ஓடிவிட்டார். பிள்ளைக்கு முழங்காலில் ஒரு உரசல். அந்த மனிதர் அதன் பிறகு மேடை ஏறவே இல்லையாம். "ஓடியது பிழை இல்லை. சொன்னதுதான் பிழை," என்று பெம்ப்லி என்னிடம் சொன்னார். நான் அதை நம்பினேன்.

அந்த மண்டபத்துக்கு அடிக்கடி வந்தவர்களில் ஹன்னாவும் அவருடைய தமையன் ஓட்டோவும் உண்டு. ஜெர்மனியில் பிறந்து, இளவயதிலேயே லண்டனுக்குப் படிக்க வந்து தங்கிவிட்டவர்கள். ஹன்னா பியானோ, ஓட்டோ செலோ, கூட ஒரு வயலின்காரர். மூன்று பேரும் சேர்ந்து அதிகம் வாசித்தது ஒரு பழைய ஜெர்மன்காரருடைய இசை. மொஸார்ட் காலத்து ஆள். ஆனால் அந்த அளவுக்குப் பெயர் எடுக்கவில்லை. அவர் பெயர் என் வாயில் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. எழுதினாலும் பிழை விடுவேன். மேடைக்குப் பின்னால் நாங்கள் 'ஜெர்மன்காரர்' என்றே சொல்லுவோம்.

ஓட்டோதான் அவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர். என் சட்டையில் தைத்திருந்த மண்டபத்துச் சின்னத்தைத் தொட்டு, "இந்த ஆளும் உன்னைப் போலத்தான். இளவரசன் கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, சமையல்காரனோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன்," என்றார். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகனாம் அவர். ஆயுள் முழுக்க ஓர் இளவரசனிடம் வேலை. இளவரசன் சாப்பிட்டு முடிந்ததும் பக்கத்து அறையில் இருந்து வாசிப்பதற்குத்தான் மூன்று பேர் வாசிக்கும் இந்த மூவரிசை, நாலு பேர் வாசிக்கும் நால்வரிசை எல்லாம் எழுதினாராம். சாப்பாடு செமிக்க எழுதினது என்று ஓட்டோ சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய வேலைக்காரனுக்கும் சேவக உடுப்பா என்றுதான் இருந்தது.

அண்ணனும் தங்கையும் சண்டை பிடிக்காத ஒத்திகையை நான் பார்த்ததில்லை. சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான். அந்தக் காலத்து இசையில் ஒரு வழக்கம் உண்டு. முதற் பாகத்தில் கொஞ்சத் தூரம் வாசித்ததும், தாளில் இரண்டு புள்ளி வைத்த ஒரு கோடு வரும். அங்கே நின்று தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், வாசித்ததை முழுக்க இன்னொரு தரம் வாசித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சிலர் திரும்பாமல் நேரே போய்விடுவார்கள். ஹன்னாவுக்கு நேரே போக விருப்பம். ஓட்டோ விடமாட்டார்.

"சனத்துக்கு ஒரு தரம் கேட்டால் விளங்கும் ஓட்டோ. அவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை."

"இளவரசனுக்குச் சலாம் போட்டுப் போட்டு அந்த ஆள் எழுதினது. நீ பஸ் பிடிக்கிற அவசரத்தில் வெட்டாதே."

ஒத்திகையில் ஹன்னா வேண்டுமென்றே திரும்பாமல் போவார். உடனே ஓட்டோ வில்லை நிறுத்திவிட்டு, கதிரையின் பக்கத்தில் இடது உள்ளங்கையால் அடிப்பார். டப். அந்தக் கதிரையில் அவர் கை படும் இடத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது. டப் என்று கேட்டதும் ஹன்னா சிரித்துக்கொண்டு தொடக்கத்துக்குப் போவார். வயலின்காரர் அந்த இடைவெளியில் மூக்குச் சீறுவார். கச்சேரியில் மட்டும் ஹன்னா ஒருநாளும் வெட்டியதில்லை.

பிறகு ஓட்டோவுக்கு வருத்தம் வந்தது. கையில் பலம் போய், கடைசியில் லண்டன் ஓரத்தில் சட்டன் என்ற இடத்தில் ஒரு பராமரிப்பு மருத்துவமனையில் படுக்கையாகிவிட்டார். அவருடைய கதிரையில் ஒரு புது செலோக்காரர் வந்து இருந்தார். நல்ல மனிதர். அவருக்குக் கதிரையில் அடிக்கத் தெரியாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

பின்னேரக் கச்சேரி. வானொலியில் நேரடியாகப் போனது. இடைவேளைக்கு முன்பு வேறு ஆட்களின் சின்ன உருப்படிகள்; பிறகு ஜெர்மன்காரரின் கடைசி மூவரிசை. அதைப் பற்றி ஹன்னா இடைவேளைக்கு முன்பே சனத்துக்கு ஒரு சின்ன விளக்கம் சொன்னார். நான் கதவின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹன்னா சொன்னது இதுதான். ஒரு கோடையில் இளவரசன் மலைப்பக்கத்து மாளிகைக்கு விருந்தாளிகளோடு போனபோது, ஜெர்மன்காரரையும் கூட்டிப் போனான். ஊரில் அவருடைய மனைவிக்குச் சுகமில்லாமல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் குதிரையில் செய்தி கொண்டு போனான். விருந்து நடக்கிறது, இசை நின்றுவிடும் என்று மாளிகைக் காரியக்காரன் அவனை உள்ளே விடவில்லை. விரட்டவும் இல்லை. சமையலறையில் இருத்தி, நல்ல சாப்பாடு கொடுத்து, பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டிருந்தான். மேலே ஜெர்மன்காரர் நாளும் வாசித்தார். கீழே செய்தியோடு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் விரலில் பட்ட மெழுகைக் கழுவச் சுடுதண்ணீர் கேட்டு ஜெர்மன்காரர் தானே சமையலறைக்கு இறங்கிப் போனார். அங்கே தன் ஊர்க்காரன் கையில் எலும்போடு இருப்பதைக் கண்டார். வீட்டுக்குப் போனபோது மனைவியைப் புதைத்து மண்ணும் காய்ந்துவிட்டது. அந்தத் துக்கத்தில் எழுதியதுதான் இந்த மூவரிசை.

"காரியக்காரன் அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த மூவரிசை நமக்குக் கிடைத்திருக்காது," என்று ஹன்னா முடித்தார். சனம் பெருமூச்சு விட்டது. சிலர் சிரித்தார்கள், நயமான சிரிப்புத்தான்.

எனக்கு நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டது போல இருந்தது. எலும்போடு இருந்த அந்த ஊர்க்காரனை எனக்குத் தெரியும். ஒரு அறையில் அவனோடு படுத்து எழும்பியிருக்கிறேன்.

நான் பெட்ரோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரில் ஐயா, என் தகப்பன், காலமாகிவிட்டார். செய்தி தேவன் அண்ணைக்குத்தான் வந்தது. போர்க்காலம், நான் ஊருக்குப் போகவும் வழியில்லை. வேலை புதுசு, அழுதுகொண்டு போனால் நிற்பாட்டிவிடுவார்கள், கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். செத்த வீட்டுத் துடக்கோடு கோயில் படி மிதிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தேவன் அண்ணை, வயிறு சரியில்லை என்று வாசலிலேயே நின்றுவிட்டார். என்னைத் தடுக்கவில்லை. நான் உள்ளே போய், ஐயாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, நீண்ட ஆயுள் கேட்டு அர்ச்சனை செய்தேன். ஐயர் தந்த விபூதியைப் பேப்பரில் மடித்து வெளியே கொண்டுவந்து அண்ணையிடம் நீட்டினேன்.

"ஆரும் ஊருக்குப் போனால் ஐயாவிட்டைக் குடுத்துவிட வேணும் அண்ணை. நெத்தியிலை பூசச் சொல்லி."

அவர் அந்தப் பொட்டலத்தை வாங்கவில்லை. தெருவிலேயே குந்தி இருந்து தலையில் அடித்து அழத் தொடங்கினார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணையோடு நான் கோபிக்கவில்லை. ஆனால் எரித்துச் சாம்பலான மனிதருக்கு நான் ஆயுள் கேட்டிருக்கிறேன். அது இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது.

இடைவேளை முடிய முதல் மணி அடித்தது. வாசிப்பவர்கள் அறையில் உடுப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நான் கதவடிக்கு வந்தேன். பக்கத்து மேசையில் போன் அடித்தது, பெம்ப்லி எடுத்தார். மருத்துவமனையில் இருந்து தாதி. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பெம்ப்லி சொன்னது கேட்டது.

"எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியுமா? ... ஓ. ... வானொலியா? காதுக்குப் பக்கத்திலா? ... விளங்குகிறது. மேடையை விட்டு வந்ததும் அவருக்குச் சொல்கிறேன்."

போனை வைத்தார். கோட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டார். என்னைப் பார்த்தார், நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய முகம் சுண்ணாம்பு போல இருந்தது.

மூன்று பேரும், ஹன்னாவுக்கு இசைத் தாளின் பக்கம் புரட்டும் பெண்ணும் வந்து கதவுக்குப் பின்னால் நின்றார்கள். ஹன்னா விரல்களை ஒன்றோடொன்று கோத்து நீட்டினார். உள்ளே விளக்கு இறங்கியது. வானொலி அறிவிப்பாளர், அவர்கள் வருகிறார்கள் என்று சொல்லி முடித்திருப்பார். பெம்ப்லி இரண்டு விரல்களை உயர்த்தினார்.

நான் திறக்கவில்லை.

துணிந்து எடுத்த முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். கை கைபிடியில் இருந்தது. அது அசையவில்லை. பெம்ப்லி மறுபடி விரல்களை உயர்த்தினார். பிறகு என் காதருகே வந்தார்.

"கதவு, நேசன்."

"இல்லை சேர்."

என் வாயில் இருந்து வந்தது என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த மனிதருக்கு நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நேசன். நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது."

"அவவுக்குச் சொல்லுங்கோ சேர். சொல்லிப்போட்டுத் திறக்கச் சொல்லுங்கோ." பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.

"எனக்கு என்ன சொல்ல வேண்டும்?" என்றார் ஹன்னா.

மண்டபத்துக்குள் யாரோ இருமினார்கள். பெம்ப்லி ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு, வழக்கமான மெல்லிய குரலில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஓட்டோ போய்க்கொண்டிருக்கிறார். இன்றைக்கே. தாதி உடனே வரச் சொல்கிறார்.

வயலின்காரர் சுவரில் சாய்ந்தார். பக்கம் புரட்டும் பெண் வாயைப் பொத்தினாள். ஹன்னா நின்ற நிலையில் அசையவில்லை. கோத்த விரல்கள் கோத்தபடி இருந்தன.

"இப்போதே போனால்?"

"ஞாயிறு நெரிசல். ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது."

"நினைவு இருக்கிறதா?"

"கதைக்க முடியவில்லையாம். ஆனால் வானொலியைக் காதுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கையால் காட்டினாராம். முதலில் இருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் பேசியதையும்."

ஹன்னா கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திற," என்றார்.

அதிர்ச்சி என்றால் எனக்கு அதுதான் அதிர்ச்சி. நான் கதவைத் திறக்காமல் நின்றது அவரைத் தமையனிடம் போகவிட. அவர் கேட்டதோ மேடைக்குப் போக. இந்த மனுஷிக்கு நெஞ்சு என்ன இரும்பா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனாலும் கேட்டவர் அவர். செய்தி அவர் கைக்குப் போய்விட்டது; அதை வைத்து என்ன செய்வது என்பது இனி அவருடைய காரியம். திறந்தேன்.

சனம் கைதட்டியது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். பெம்ப்லி எனக்குப் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது. முதற் பாகம் வழக்கம் போலத்தான் தொடங்கியது. நான் பலமுறை கேட்டது. வழி தெரிந்த தெரு மாதிரி. செலோ கீழே இறங்கும், வயலின் மறுத்துச் சொல்லும், பிறகு அந்த இரண்டு புள்ளிக் கோடு.

அந்த இடம் வந்தது. பக்கம் புரட்டும் பெண் பின்னுக்குப் புரட்டக் கையை வைத்துவிட்டாள். வயலின்காரர் தொடக்கத்துக்குப் போய்விட்டார். ஹன்னா இடது கையை எடுத்து, அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டு, பக்கத்தை முன்னுக்குத் தள்ளினார். திரும்பிப் போகவில்லை. நேரே போனார்.

இரண்டு மூன்று சுரங்கள் ஒன்றோடொன்று மோதின. கண்ணாடிப் பாத்திரம் விழுந்தது போல. முன்வரிசையில் தாளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் தலையை நிமிர்த்தினார். வயலின்காரரின் கண்கள் பெரிதாகின. புது செலோக்காரர் எப்படியோ முதலில் பிடித்துக்கொண்டார், பிறகு வயலின் வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஒரு இடத்திலும் அவர்கள் திரும்பவில்லை.

"வெட்டுகிறார்," என்றார் பெம்ப்லி. சத்தமாக. நான் கேட்ட அவருடைய முதல் சத்தம் அது.

பிறகு அவர் என்னிடம், "அவருடைய மேலங்கியை எடுத்து வை," என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். கடைசிச் சுரம் அடங்குமுன் ஹன்னா எழுந்துவிட்டார். வணக்கம் வைக்கவில்லை. கதவால் வந்தவரின் தோளில் நான் மேலங்கியைப் போட்டேன், அவர் நிற்கவில்லை. பின்சந்தில் டாக்சி நின்றது. அதன் கதவைப் பிடித்துக்கொண்டு பெம்ப்லி நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் உடம்பில் கோட் இல்லை. அதை டாக்சியின் இருக்கையில் விரித்திருந்தார், ஏனென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உள்ளே சனம் கைதட்டிக்கொண்டே இருந்தது. நான் கதவைத் திறந்து மற்ற இருவரையும் அனுப்பினேன். அடுத்த நாள், திரும்ப வேண்டிய இடங்களில் திரும்பாதது பற்றி ஒருவர் முறைப்பாடு செய்தாராம். முன்வரிசைக் கிழவராகத்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்குக் காலை பெம்ப்லி என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றுதான் போனேன்.

"நேற்று நீ செய்தது இந்த மண்டபத்தில் இனிமேல் நடக்கக் கூடாது," என்றார். வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"ஓம் சேர்."

"நடக்காமல் இருக்க ஒரு வழிதான் இருக்கிறது. அவர்கள் வந்து இறங்கும்போதே கேட்டுவிட வேண்டும். செய்தி வந்தால் முன்பா, பின்பா என்று. நான் முடிவெடுத்தது போதும்."

அன்று முதல் அப்படித்தான். நான் வேலையை விடும்வரை, தேநீர் வேண்டுமா என்று கேட்பது போல அதையும் கேட்டோம். முன்பு என்றவர்களும் உண்டு, பின்பு என்றவர்களும் உண்டு. ஒருத்தர் மட்டும், "என் மாமியாராக இருந்தால் கைதட்டலுக்கு நடுவில் சொல்லுங்கள்," என்றார். பெம்ப்லி அதையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

சில கிழமைகள் கழித்து, கச்சேரி இல்லாத ஒரு மத்தியானம் ஹன்னா வந்தார். நான் மேடையில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நேரே வந்து செலோக் கதிரையில் இருந்தார். பியானோக்காரி ஒருத்தி அந்தக் கதிரையில் இருந்து நான் பார்த்ததில்லை.

"நான் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டது," என்றார். "கட்டிலுக்குப் பக்கத்தில் வானொலி இன்னும் போய்க்கொண்டிருந்தது. யாரோ காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார்."

நான் கதவைப் பிடித்து வைத்த நேரம், அவர் மேடையில் இருந்த நேரம், எல்லாம் ஒன்றாய் வந்து என் மேல் விழுந்தது. அவர் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

"தாதி ஒன்று சொன்னாள். அவளுக்குப் பயமாகிவிட்டதாம். அவன் அசையாமல் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தவன், ஒரு இடத்தில் திடீரென்று கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில் அடித்தானாம். நோகிறதா என்று ஓடிவந்து கேட்டாளாம். அவன் முகத்தில் கோபமாம். ஏன் என்று தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள்."

ஹன்னா சிரித்தார். கண்ணீர் ஓடியபடியே சிரித்தார்.

"அவனுக்குத் தெரிந்துவிட்டது நேசன். மேடையில் நான் ஒருநாளும் வெட்ட மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். வெட்டினால் நான் அங்கே வரப் புறப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம். நீ திறந்து என்னைத் தெரியாமல் அனுப்பியிருந்தால், நான் எல்லா இடத்திலும் திரும்பித் திரும்பி வாசித்திருப்பேன். அவனும் எனக்குச் செய்தி வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பான்."

அப்போதுதான் நான் அந்த விபூதிப் பொட்டலத்தின் கதையை முதல் முறையாக இன்னொருவருக்குச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் துடக்கு என்பதற்குச் சொல் இல்லை. ஆயுள், அர்ச்சனை, எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். முடிந்ததும், "அந்தப் பொட்டலம்?" என்று மட்டும் கேட்டார்.

"வைத்திருக்கிறேன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு இடது கையைத் தூக்கி, வார்னிஷ் போன அந்த இடத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். டப். வெறும் மண்டபம் முழுக்கச் சுற்றிவந்தது சத்தம். இரண்டு பேரும் திடுக்கிட்டோம். மேடைக் கதவு திறந்து பெம்ப்லி ஓடிவந்தார்.

"என்ன உடைந்தது?"

"ஒன்றும் இல்லை," என்றார் ஹன்னா. "அண்ணன் திரும்பிப் போகச் சொல்கிறான்."

எழுந்து பியானோவுக்குப் போனார். நான் மூடியைத் தூக்கிக் குச்சியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகினேன். வயலினும் இல்லை, செலோவும் இல்லை. தன் பங்கை மட்டும் வாசித்தார். மற்ற இருவர் வாசிக்க வேண்டிய இடங்களில் வெறுமனே காத்திருந்தார். பெம்ப்லியும் நானும் திறந்த கதவடியில் நின்றோம்.

இரண்டு புள்ளிக் கோடு வந்தது. திரும்பிப் போனார்.